குருவருளும் தன்முயற்சியும்



மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வரிசைப்படுத்தும்போது தெய்வத்திற்கும் முன்னால் குருவை நிறுத்திய சமயம் நம்முடையது. அதனால்தானோ என்னவோ, ஆலயத்தில் பூசை முடிந்து பிரசாதம் வாங்கும் நேரத்தில் அன்பர்கள் பலர் அடியேனிடம் கேட்கும் கேள்வியும் குருவைப் பற்றியதாகவே இருக்கிறது. நடுத்தர வயதைக் கடந்தவர்கள் கேட்பது இப்படி: "சார், இத்தனை வருஷமாகக் கோயிலுக்கு வருகிறேன், தேவாரம் பாடுகிறேன், விரதம் இருக்கிறேன். ஆனால் குரு என்று எனக்கு யாரும் இல்லை. குரு இல்லாமல் கதி இல்லை என்கிறார்களே, யாரையாவது தேடிப் போக வேண்டுமா?" இளைஞர்கள் கேட்பது வேறு மாதிரி: "சார், எல்லாம் புத்தகத்திலும் காணொளியிலும் கிடைக்கிறதே, இடையில் ஒருவர் எதற்கு?"

முன்னவர், தம்மால் ஆகாததைக் குரு செய்து தருவார் என்று எதிர்பார்க்கிறார். பின்னவர், தம்மால் ஆகாதது எதுவும் இல்லை என்று நினைக்கிறார். இரு சாராருக்கும் சேர்த்து எழுதும்படி மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். சாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லும் தகுதி அடியேனுக்கு இல்லை. 33 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் கரும்பலகைக்கு முன்னால் நின்றவன் என்ற முறையில், நம் நூல்களில் வரும் குரு சீடர் வரலாறுகளை ஓர் ஆசிரியனின் கண்கொண்டு படித்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன். குருவுக்கென்று ஒரு வேலை இருக்கிறது. சீடனுக்கென்று ஒரு வேலை இருக்கிறது. சீடனின் வேலையைக் குரு செய்து கொடுத்ததாக நான் படித்த வரலாறு எதிலும் இல்லை.

இந்திரன் திரும்பி வந்தான்

சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் அத்தியாயத்தில் வருகிற கதை இது. மூப்பும் மரணமும் துயரமும் பசியும் தாகமும் இல்லாத ஆன்மா ஒன்று உண்டு, அதை அறிந்தவன் எல்லா உலகங்களையும் அடைகிறான் என்று பிரஜாபதி சொன்னது தேவர்கள் காதிலும் விழுந்தது, அசுரர்கள் காதிலும் விழுந்தது. தேவர்கள் சார்பில் இந்திரனும் அசுரர்கள் சார்பில் விரோசனனும் புறப்பட்டார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமலே, கையில் சமித்துடன் பிரஜாபதியிடம் வந்து சேர்ந்தார்கள். பிரமசரியம் காத்து 32 ஆண்டுகள் அங்கே தங்கினார்கள். அதன் பிறகுதான் பிரஜாபதி, எதற்காக வந்தீர்கள் என்றே கேட்டார்!

கண்ணுக்குள் தெரிகின்ற உருவமே ஆன்மா என்று அவர் சொன்னார். தண்ணீரிலும் கண்ணாடியிலும் தெரிகிறதே, அதுவா என்று இருவரும் கேட்டார்கள். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தங்களைப் பார்க்கச் சொன்னார். தலைமுடி முதல் நகம் வரை தெரிந்தது. நல்ல உடை உடுத்தி, அணிகலன் பூண்டு மறுபடி பாருங்கள் என்றார். அலங்காரத்தோடு தெரிந்தது. இதுவே ஆன்மா என்றார். இருவரும் மனநிறைவோடு புறப்பட்டுவிட்டார்கள். அவர்கள் போவதைப் பார்த்த பிரஜாபதி, ஆன்மாவை அறியாமலே போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் திரும்பக் கூப்பிடவில்லை.

விரோசனன் நேராக அசுரர்களிடம் போய், உடம்பே ஆன்மா, அதையே போற்றுங்கள் என்று அறிவித்துவிட்டான். அவனைப் பொறுத்தவரை பாடம் முடிந்தது. இந்திரனோ தேவர்களிடம் போய்ச் சேருவதற்கு முன்பே யோசித்தான். உடம்பை அலங்கரித்தால் நிழலும் அலங்காரமாகத் தெரிகிறது. அப்படியானால் உடம்பு குருடானால் அதுவும் குருடு, உடம்பு அழிந்தால் அதுவும் அழிந்து போகும். இதில் எனக்கு என்ன பயன்? மறுபடியும் சமித்தை எடுத்துக்கொண்டு திரும்பினான்.

பிரஜாபதி கோபிக்கவில்லை. நீ சொல்வது சரிதான், இன்னும் 32 ஆண்டு இரு என்றார். அதன் முடிவில், கனவில் உலவுவதே ஆன்மா என்றார். நிறைவோடு போன இந்திரன், கனவிலும் அழுகை உண்டே என்று பாதி வழியில் திரும்பினான். மறுபடி 32 ஆண்டு. இப்போது, கனவற்ற ஆழ்ந்த உறக்கம் என்றார். அந்த உறக்கத்தில் தன்னையும் அறியாமல், இல்லாமலே போனதுபோல் அல்லவா கிடக்கிறோம் என்று இந்திரன் மீண்டும் வந்து நின்றான். இம்முறை ஐந்தே ஆண்டுகள் இருக்கச் சொன்னார். ஆக மொத்தம் 101 ஆண்டுகள். அதற்குப் பிறகே முழு உபதேசம் கிடைத்தது.

ஞாயிறு வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது ஆறாம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி எழுந்து, "முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்கலாமே சார், ஏன் ஏமாற்றினார்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அவளுடைய கணக்குப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னேன். அதன் கடைசிப் பக்கங்களில் எல்லாக் கணக்குகளுக்கும் விடை அச்சிட்டிருக்கிறது. அதைப் பார்த்து எழுதினால் அத்தனையும் சரியாக இருக்கும். ஆனால் அடுத்த புத்தகத்துக் கணக்கைப் போட வராது. நான் பணியில் இருந்த காலத்தில் விடை மட்டும் எழுதி வருகிற பிள்ளைகளின் தாளில் சிவப்பு மையால் "செய்முறை எங்கே?" என்று எழுதுவேன். அந்த இரண்டு சொற்களை எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. பிரஜாபதி இருவருக்கும் ஒரே சொற்களைத்தான் சொன்னார். விரோசனன் விடையை எடுத்துக்கொண்டு போனான். இந்திரன் அதைப் போட்டுப் பார்த்தான், வரவில்லை, திரும்பி வந்தான். அந்தச் சந்தேகத்தை எந்த ஆசிரியராலும் மாணவனுக்குள் ஊற்ற முடியாது. திரும்பி வரும்போது கதவைத் திறந்து வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

தைத்திரீய உபநிடதத்தில் வரும் பிருகுவின் கதையும் இதே போக்குடையது. தந்தை வருணனிடம் பிரமத்தைக் கற்றுத் தரும்படி பிருகு கேட்கிறான். எதிலிருந்து உயிர்கள் தோன்றி, எதனால் வாழ்ந்து, எதில் ஒடுங்குகின்றனவோ அதைத் தேடு என்று குறிப்பு மட்டும் கொடுக்கிறார் தந்தை. தவம் செய்துவிட்டு வந்து, அன்னம் என்கிறான் மகன். சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. இன்னும் தவம் செய் என்கிறார். பிராணன், மனம், விஞ்ஞானம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு படி ஏறி வருகிறான். ஒவ்வொரு முறையும் அதே பதில். ஐந்தாவதாக ஆனந்தம் என்று உணர்ந்தபோது அவன் தந்தையிடம் போய்க் கேட்டதாக உபநிடதத்தில் இல்லை. கேட்க வேண்டிய தேவை தீர்ந்துவிட்டது போலும்.

கீதையின் நான்காம் அத்தியாயம், 34ஆம் சுலோகத்தில் ஞானிகளிடம் கற்கும் முறையாகக் கண்ணன் மூன்றைச் சொல்கிறான்: வணங்குதல், நன்கு வினவுதல், தொண்டு செய்தல். வணங்குவதும் தொண்டு செய்வதும் நம்மவர்களுக்குக் கைவந்த கலை. நடுவில் இருக்கும் வினாவை எங்கேயோ தொலைத்துவிட்டோம். குருவிடம் கேள்வி கேட்பது அபசாரம் என்று நினைக்கும் அன்பர்கள், 18ஆம் அத்தியாயம் 63ஆம் சுலோகத்தையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பகவான், இதை முழுமையாக ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்கிறான். மூன்று சுலோகம் தள்ளி, 66இல், என்னையே சரணடை என்கிற புகழ்பெற்ற வாக்கு வருகிறது. சரணாகதியை எடுத்துச் சொல்கிறவர்கள் 66ஐ மட்டும் சொல்லிவிட்டு 63ஐ விட்டுவிடுகிறார்கள். ஆராய்ந்து பார்க்கச் சொன்ன பிறகுதான் சரணடையச் சொன்னான் என்ற வரிசையை மறக்கக் கூடாது.

சைவ சித்தாந்தம் சொல்வது

இதெல்லாம் வேதாந்தம், சைவர்களாகிய நமக்குத் தன்முயற்சி என்பதே தற்போதம் அல்லவா, 'நான் செய்கிறேன்' என்னும் ஆணவம் அல்லவா என்று மூத்த அன்பர் ஒருவர் கேட்டார். ஆழமான கேள்வி. இதற்கு மெய்கண்டாரையே துணைக்கு அழைக்க வேண்டும்.

சிவஞானபோதத்தில் இருப்பவை பன்னிரண்டே நூற்பாக்கள். அவற்றுள் எட்டாவது, குருவைப் பற்றியது. அதன் உவமை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அரசகுமாரன் ஒருவன் வேடர்களிடையே வளர்ந்து தான் யார் என்பதையே மறந்துவிடுகிறான். அதுபோல உயிர் ஐம்புலன்களாகிய வேடர்களிடையே மயங்கிக் கிடக்கிறது. இறைவனே குருவாக வந்து, நீ இவர்களைச் சேர்ந்தவன் அல்லன் என்று உணர்த்துகிறான். இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, குரு வருவது உயிர் செய்த தவத்தின் பயனாக. சரியை, கிரியை, யோகம் என்ற படிகளில் ஏறி வந்த உயிருக்கே ஞானகுரு வாய்க்கிறார் என்பது சித்தாந்த மரபு. கோயிலைக் கூட்டிப் பெருக்குவதும், பூத்தொடுப்பதும், தேவாரம் பாடுவதும் அந்தத் தவத்தில் அடங்கும். ஆகவே, இத்தனை ஆண்டுகள் கோயிலுக்கு வந்தும் குரு கிடைக்கவில்லையே என்று வருந்தும் அன்பர், தாம் ஒன்றும் இல்லாமல் நிற்பதாக எண்ண வேண்டாம். குருவை நோக்கிய வழியில்தான் அவர் நடந்துகொண்டிருக்கிறார்.

இரண்டாவது, உணர்த்துபவர் குரு. உணர்ந்தபின் வேடர்களை விட்டு நீங்குவது அரசகுமாரன். அவனைத் தூக்கிக்கொண்டு போனதாக உவமையில் இல்லை. அதற்கு அடுத்த ஒன்பதாம் நூற்பாவில் திருவைந்தெழுத்தை ஓதும் முறை சொல்லப்படுகிறது. குரு உணர்த்திய பின்னும் ஓத வேண்டியது சீடன்தான். திருவருள் துணையின்றி ஒரு முறைகூட ஓத முடியாது என்பது உண்மை. அந்த அருளைப் பெற்றும் வாயைத் திறக்காமல் இருப்பவனை அடக்கமுள்ளவன் என்று யாராவது சொல்வார்களா? தற்போதம் கெடுவது வேறு, சோம்பல் வேறு.

மெய்கண்டாருக்கும் அருணந்தி சிவாச்சாரியாருக்கும் இடையே இருந்த உறவும் நினைக்கத்தக்கது. அருணந்தியார் ஆகமங்கள் அனைத்தும் கற்ற பெரியவர், வயதில் மூத்தவர். மெய்கண்டாரோ சிறுபிள்ளை. ஆணவத்தின் உருவம் எப்படி இருக்கும் என்று அருணந்தியார் கேட்க, கேட்டு நிற்கின்ற அவரையே மெய்கண்டார் குறிப்பால் காட்டினார் என்பது வரலாறு. அந்த இடத்திலேயே பெரியவர் சீடரானார். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அடிமையான பிறகு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் அதிகம் பேசுவதில்லை. தம் குருவை முன்னிலைப்படுத்தி இருபா இருபஃது என்று ஒரு நூல் செய்தார். இருபது பாடல்கள். அதைப் படித்துப் பாருங்கள். துதி இருக்கும், துதியோடு வினாவும் இருக்கும். இது எப்படி, அது எவ்வாறு என்று குருவையே கேட்டுக்கொண்டு போகிறார். நம் மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் ஒன்றாக அந்த நூலைப் போற்றி வைத்திருக்கிறோம். கேள்வி கேட்பது குருவை அவமதிப்பதாகும் என்றால் அதற்கு அங்கே இடம் கிடைத்திருக்குமா?

மணிவாசகப் பெருமானுக்குத் திருப்பெருந்துறையில், குருந்த மரத்தடியில் இறைவனே குருவாக வந்து ஆட்கொண்டான். அதைவிடப் பெரிய குரு யாருக்கு வாய்க்கும்? அந்தக் குருநாதரும் மற்ற அடியார்களைத் தம்மோடு அழைத்துக்கொண்டு, மணிவாசகரை மட்டும் இங்கே விட்டு மறைந்தார். பிரிவில் அழுதுகொண்டே தலந்தோறும் நடந்தார் மணிவாசகர். 51 பகுதிகள் கொண்ட திருவாசகத்தில் பெரும்பகுதி அந்தப் பிரிவின் குரலாகவே ஒலிக்கிறது. குரு எப்போதும் கூடவே இருந்திருந்தால் நமக்குத் திருவாசகம் கிடைத்திருக்குமா என்று சில நேரங்களில் நினைத்துக்கொள்வேன்.

நம் ஊரில் நடந்தது

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் படித்த ஒரு பையனுக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அவன் முதலாவதாகக் கேட்ட துறை இல்லை, அடுத்த விருப்பம். ஏற்றுக்கொள்வதா, கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்குப் போவதா என்று வீட்டில் யோசனை. தந்தையார் பக்திமான், ஆலயத் திருப்பணிக்குத் தாராளமாகக் கொடுப்பவர். வெளிநாட்டிலிருந்து அவ்வப்போது வந்துபோகும் ஒருவரிடம் தீட்சை பெற்றிருந்தார். அவருடைய உத்தரவு இல்லாமல் வீட்டில் எந்த முடிவும் எடுப்பதில்லை. புலனத்தில் கேள்வியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். குருவானவர் பயணத்தில் இருந்தார். இடத்தை ஏற்பதற்கான கடைசி நாள் வந்தது, போயிற்று. இரண்டு வாரம் கழித்து, எல்லாம் நன்மைக்கே என்று பதில் வந்தது.

தந்தையார் அதையும் குருசித்தம் என்று ஏற்றுக்கொண்டார். பையன் ஏற்றுக்கொள்ளவில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் விடியற்காலை முதல் நின்று உழைத்த பிள்ளை, அதன்பின் ஆலயப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். அவன் கோபம் அந்த ஒருவர்மேல் மட்டும் நிற்கவில்லை. முருகன்மேலும் போயிற்று.

தந்தையாரின் பக்தியை நான் குறை சொல்ல வரவில்லை. அந்தக் குருவும் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேர் செய்தி அனுப்புகிறார்களோ! ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். இந்திரன் 101 ஆண்டுகள் குருவோடு தங்கினான். குருகுலவாசம் என்றால் கூட வாழ்வது. மாணவன் எப்போது எழுகிறான், எதற்குக் கோபப்படுகிறான், எந்தப் பாடத்தில் தூங்குகிறான் என்று குருவுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் சொல்லும் ஒரு சொல்லுக்கு எடை உண்டு. பையனோடு ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்து பேசியிராத ஒருவரிடம் அவனுடைய படிப்பைத் தீர்மானிக்கும் பொறுப்பைக் கொடுப்பதற்கு நம் நூல்களில் சான்று தேடினேன், கிடைக்கவில்லை. நசிகேதனுக்கு யமன் மரணத்தின் இரகசியத்தைச் சொன்னான். எந்தக் கல்லூரியில் சேருவது, வீட்டை எந்த விலைக்கு விற்பது என்பதற்கெல்லாம் தகப்பனும் தாயும் தன் புத்தியும் இருக்கின்றன.

மலாயாவிலிருந்து போன மருத்துவர்

இதே குரு சீடர் உறவு எவ்வளவு ஆரோக்கியமாக இருக்க முடியும் என்பதற்கு நம் மண்ணோடு தொடர்புடைய ஒருவரே சான்றாக இருக்கிறார். பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி என்னும் மருத்துவர், 1913இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பான் அருகே தோட்ட மருத்துவமனையிலும் பிறகு ஜொகூர் பாருவிலும் பணிபுரிந்தார். பத்தாண்டுகள் கழித்து, 1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். மறு ஆண்டு ரிஷிகேசத்தை அடைந்தார். 1924 ஜூன் 1ஆம் நாள் சுவாமி விசுவானந்த சரஸ்வதி அவருக்குச் சன்னியாசம் அளித்தார். அவரே சுவாமி சிவானந்தர்.

குருவும் சீடரும் சேர்ந்திருந்தது மிகக் குறைந்த காலமே. துறவு நெறி பற்றிய அறிவுரைகளைக் குரு பின்னர் கடிதம் வழியாக எழுதியனுப்பினார். குருவின் பங்கு அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு சிவானந்தர் கங்கைக் கரையில் பல ஆண்டுகள் கடுந்தவம் இருந்தார். 1927இல் இலட்சுமண ஜூலாவில் இலவச மருந்தகம் நடத்தினார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். குரு அருகில் இல்லையே என்று உட்கார்ந்திருந்தால் இவற்றுள் எது நடந்திருக்கும்? ஆனாலும் தமக்குக் குரு தேவைப்படவில்லை என்று அவர் சொன்னதில்லை. குருபக்தியை வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தி எழுதினார்.

அவர் தம் சீடர்களுக்குக் கொடுத்த ஒரு சாதனம் எனக்கு மிகவும் பிடித்தது: ஆன்மிக நாட்குறிப்பு. எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், எத்தனை மாலை ஜபம் செய்தாய், எத்தனை பொய் சொன்னாய், அதற்கு உனக்கு நீயே என்ன தண்டனை கொடுத்துக்கொண்டாய், எத்தனை முறை கோபப்பட்டாய் என்று கேள்விகள் கொண்ட அட்டவணை. சீடன் ஒவ்வொரு நாளும் தானே நிரப்ப வேண்டும். அதாவது, தாளைத் திருத்தும் வேலையைப் பெரும்பாலும் மாணவனிடமே கொடுத்துவிட்டார். ஆசிரியர் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும், இதைவிடக் கண்டிப்பான முறை கிடையாது. பிறர் போடும் மதிப்பெண்ணில் ஏமாற்றலாம். பொய்யை எண்ணி எழுதும் நோட்டில் பொய் எழுதினால், மறுநாள் அதையும் ஒரு பொய்யாகக் கணக்கில் சேர்க்க வேண்டுமே! சில ஆண்டுகள் நானும் அந்த அட்டவணையை எழுதிவந்தேன். கோபம் என்ற வரிசை பள்ளி நாள்களில் நிரம்பியும், விடுமுறையில் காலியாகவும் இருக்கும்.

இன்னொன்று. பத்திரிகையாளராக இருந்து துறவியான சுவாமி சின்மயானந்தருக்கு 1949இல் சன்னியாசம் அளித்தவர் சிவானந்தரே. வேதாந்தம் ஆழ்ந்து கற்க விரும்பிய அந்தச் சீடர், அவருடைய ஆசியோடு தபோவன மகராஜிடம் சென்றார். தம் சீடனை இன்னோர் ஆசிரியரிடம் போகவிட மனம் வர வேண்டுமே! என் மாணவன் என்று உரிமை கொண்டாடுவதில் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்களே எவ்வளவு போட்டி போட்டிருக்கிறோம்.

குருவே வேண்டாம் என்பவர்களுக்கு

இனி இளைஞர்கள் பக்கம் வருவோம். குரு இல்லாமலே ஞானம் பெற்றவர் இல்லையா என்றால், இருக்கிறார். ரமண மகரிஷிக்கு மனித வடிவில் குரு இல்லை. மதுரையில் தம் பதினாறாம் வயதில் ஏற்பட்ட மரண அனுபவத்திற்குப் பின், 1896 செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்தவர், 1950இல் உடலை விடும்வரை அந்த மலையை விட்டு எங்கும் போகவில்லை. 53 ஆண்டுகளுக்கு மேல்! அருணாசலத்தையே அவர் குருவாகக் கொண்டார். ரமணரைக் காட்டிக் குரு வேண்டாம் என்று வாதாடும் தம்பிமார்களிடம், ஒரு காணொளியை முழுதாகப் பார்க்கும் நேரம்வரையாவது அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்களா என்று கேட்பேன். சிரிப்பார்கள்.

ஏகலைவனைச் சிலர் காட்டுவார்கள். குரு நிராகரித்தும் மண்ணால் குரு வடிவம் செய்து வைத்துத் தானே பயின்றவன். தன்முயற்சிக்கு அவனை மிஞ்சிய உதாரணம் இல்லைதான். ஆனால் அவனும் ஒரு குரு உருவத்தின் முன்னால்தான் வில்லை எடுத்தான். துரோணர் கேட்ட தட்சணையை ஓர் ஆசிரியனாக இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. கற்றுக்கொடுக்காத பாடத்துக்குக் கட்டைவிரலா?

எனக்குச் சிறந்ததாகப் படுவது சத்தியகாமனின் கதை. இதுவும் சாந்தோக்கியத்தில் வருவதுதான், நான்காம் அத்தியாயம். தந்தை பெயர் தெரியாத சிறுவன், உண்மையை மறைக்காமல் சொன்னதற்காகவே கௌதமர் அவனைச் சீடனாக ஏற்றார். ஏற்றவர் பாடம் எதுவும் சொல்லவில்லை. மெலிந்த மாடுகள் 400ஐப் பிரித்துக் கொடுத்து மேய்த்து வா என்றார். ஆயிரம் ஆகாமல் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போனான். ஆண்டுகள் கழிந்தன. மந்தை ஆயிரம் ஆனதும் ஒரு காளை அவனோடு பேசிப் பிரமத்தின் ஒரு பாதத்தைச் சொல்லிக்கொடுத்தது. பிறகு நெருப்பு, அன்னம், நீர்ப்பறவை என்று ஆளுக்கொரு பாதம். நான்கு பாதமும் கற்று, முகத்தில் ஒளியோடு ஊர் திரும்பினான். உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று குரு கேட்டார். மனிதர்கள் அல்லாதவர்கள், ஆனாலும் தாங்களே எனக்குச் சொல்ல வேண்டும், ஆசிரியரிடம் கற்ற கல்வியே நன்கு பயன்தரும் என்று தங்களைப் போன்றவர்களிடம் கேட்டிருக்கிறேன் என்றான். குரு அதையே சொன்னார். எதுவும் விட்டுப்போகவில்லை என்கிறது உபநிடதம்.

கற்றதையே எதற்காக மறுபடி கேட்டான்? தனியாகக் கற்றவனுக்கு ஓர் ஆபத்து உண்டு. தான் கண்டது காட்சியா கற்பனையா என்று சரிபார்க்க ஆள் இல்லை. காட்டில் தனியாக நான்கு பாதத்தையும் கற்றவனுக்கே அந்த எச்சரிக்கை இருந்தது. இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசியில் ஏதோ தியானமுறையைப் பார்த்துவிட்டு மூச்சைப் பிடித்து உட்காரும் பிள்ளைகளுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்! மூச்சுப் பயிற்சியைக் கேட்காமல், பார்க்காமல், அருகில் ஆள் இல்லாமல் செய்யவே கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன்.

சரி, ஒருவர் நல்ல குருவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரிய இலக்கணமெல்லாம் நூல்களில் இருக்கிறது. நான் சொல்லும் வழி எளிது. மரியாதையோடு ஒரு சந்தேகத்தைக் கேட்டுப் பாருங்கள். பதிலைவிட முகத்தைக் கவனியுங்கள். நரேந்திரனாக இருந்த விவேகானந்தர், பணத்தைத் தொட்டால் உடம்பு கூசும் என்று சொன்ன இராமகிருஷ்ணரைச் சோதிக்க, அவர் இல்லாத நேரத்தில் படுக்கைக்கு அடியில் ஒரு நாணயத்தை வைத்தார். பரமஹம்சர் வந்து உட்கார்ந்ததும் துடித்து எழுந்தார். தம்மைச் சோதித்தவன் யார் என்று தெரிந்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை, மகிழ்ச்சியே வந்தது. ஆசிரியர் அறையில் எங்களுக்குள்ளும் இரு வகை உண்டு. மாணவன் தவறைச் சுட்டிக்காட்டினால், உட்கார் என்று அதட்டுகிறவர் ஒருவர். கரும்பலகையைத் திரும்பிப் பார்க்கிறவர் ஒருவர். பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். பெரியவர்களாகிய நமக்குத்தான் தெரிவதில்லை.

நம் ஆலயச் செயலவையிலும் இதுபற்றிப் பேச்சு வந்தது. கட்டணத்துடன் தீட்சை வழங்கும் நிகழ்ச்சிக்கு மண்டபம் கேட்டு ஒரு விண்ணப்பம் வந்திருந்தது. வாடகை கிடைக்கிறது, நமக்கேன் வம்பு என்றார்கள் சிலர். மண்டபம் கட்டியது உபயகாரர்கள் பணத்தில். அதில் என்ன நடக்கிறது என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்றேன். இரண்டு கூட்டங்கள் விவாதித்து, தீட்சைக்குக் கட்டணம் வாங்கும் எந்த நிகழ்ச்சிக்கும் மண்டபம் தருவதில்லை என்று முடிவாயிற்று. சமயச் சொற்பொழிவுகளுக்கு எப்போதும்போல் உண்டு. ஆனால் முடிவில் அரைமணி நேரம் கேள்விகளுக்கு ஒதுக்க வேண்டும். இந்த நிபந்தனையைக் கேட்டதும் சிலர் வரவில்லை. வந்தவர்கள் நன்றாகவே பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் பின் நடக்கும் சமய வகுப்பில் இப்போது சத்தியகாமன் மாடு மேய்க்கும் இடத்திற்கு வந்திருக்கிறோம். கட்டணம் கிடையாது. பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர்கள் வெளியே வாகனத்தில் காத்திருக்க வேண்டாம். பின்வரிசையில் அவர்களுக்கும் நாற்காலிகள் போட்டிருக்கிறோம்.